குடித்த கதையைச் சிரித்துச் சிரித்துச் சொல்கிறாரே, ஏன்?

கேள்வி: என் கணவருக்கு 44 வயது. 15 வருடமாகக் குடித்தவர். மறுவாழ்வு மையத்தில் 3 வாரம் இருந்துவிட்டு வந்தார். இப்போது 8 மாதமாகத் தொடவில்லை. ஞாயிறு மாலை ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசும் அமைப்பு) கூட்டத்துக்குத் தவறாமல் போகிறார். அங்கே பேசும்போது அழுதுவிடுகிறார் என்று கூடப் போகிறவர் சொன்னார். ஆனால் போன மாதம் நாத்தனார் மகன் காதுகுத்தில், சொந்தக்கார ஆண்கள் நடுவில் உட்கார்ந்து, மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு ராத்திரியைக் கதையாகச் சொன்னார். ரெண்டு குவாட்டர் அடித்துவிட்டுத் தெரு மாறிப் போய், யாரோ ஒரு பாட்டி வீட்டுக் கதவைத் தட்டி, "ஏய், கதவைத் திறடி" என்று என் பெயரைச் சொல்லிக் கத்தி, அந்தப் பாட்டி தலையணை கொடுத்துத் திண்ணையில் படுக்கவைத்து, காலையில் எழுந்து அவரிடமே காபி கேட்ட கதை. பந்தலே சிரித்தது. என் 14 வயது மகனும் சிரித்தான். ஆனால் அவர் பாட்டி வீட்டுத் திண்ணையில் கிடந்த அதே ராத்திரி 1 மணிக்கு மகனுக்கு வீசிங் வந்து, ஆட்டோ பிடித்து அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவருக்கு 17 தடவை போன் அடித்தேன். இப்போது மகன் அந்தக் கதையைத் தன் நண்பர்களிடம் நடித்துக் காட்டுகிறான். இவர் ஏன் இதைச் சொல்கிறார்? மறுபடி குடிக்கத் தோன்றுகிறதா? நான் தடுக்கலாமா? வைகாசியில் கொழுந்தனாருக்குக் கல்யாணம் வேறு வருகிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள். அந்தக் கதையில் உங்கள் கணவர் தன் கண்ணால் பார்த்தது எவ்வளவு? தெரு மாறியது, கதவைத் தட்டியது, பாட்டி தலையணை கொடுத்தது எல்லாம் அவருக்கு நினைவிருக்கிறதா, அல்லது மறுநாள் யாராவது சொல்லித் தெரிந்துகொண்டதா? பெரும்பாலும் இரண்டாவதாகத்தான் இருக்கும்.

வெறும் வயிற்றில், தண்ணீர் அதிகம் சேர்க்காமல், மடமடவென்று உள்ளே போகும்போது இரத்தத்தில் சாராயத்தின் அளவு சட்டென்று ஏறுகிறது. மூளையில் ஹிப்போகாம்பஸ் என்று ஒரு பகுதி உண்டு. நடப்பதை நினைவாகப் பதிந்து வைப்பது அதன் வேலை. 100 மில்லி இரத்தத்தில் 200 மில்லிகிராம் என்கிற அளவை ஒட்டி வரும்போது பலருக்கு அந்தப் பதிவு நின்றுவிடுகிறது. (வண்டி ஓட்டச் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவு 30 மில்லிகிராம்.) ஆள் நடப்பார், பேசுவார், சண்டை போடுவார், ஏன், பைக்கே ஓட்டுவார். கேமரா ஓடுகிறது, உள்ளே மெமரி கார்டு இல்லை. இதை மயங்கி விழுவதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. சிலருக்குத் துண்டு துண்டாக மிஞ்சும்; யாராவது எடுத்துக் கொடுத்தால் கொஞ்சம் திரும்பி வரும். முழுவதும் பதியாமல் போன மணி நேரங்கள் எத்தனை திட்டினாலும், எத்தனை தடவை கேட்டாலும் வராது. அங்கே எடுக்க ஒன்றும் இல்லை.

அப்படியென்றால் அந்த ஓட்டையை நிரப்பியது யார்? மறுநாள் டீக்கடையில் கூடக் குடித்தவர், பாட்டியின் பேரன், வழியில் பார்த்த யாரோ. அவர்கள் எடுத்துக்கொடுத்தது சிரிக்கிற துண்டுகளை. அதே காலையில் உங்கள் பக்கத்துக் கதையும் அவர் காதில் விழுந்திருக்கும். ஆனால் தலைவலியோடும் கைநடுக்கத்தோடும் வந்து நின்றவரிடம், ராத்திரி முழுக்கத் தூங்காத நீங்கள், அழுகையும் கத்தலுமாகச் சொல்லியிருப்பீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை; வேறு எப்படிச் சொல்ல முடியும்? அது அவருக்கு வசவாகத் தங்கியது, நடந்த சம்பவமாகத் தங்கவில்லை. அதனால் இன்று அவரிடம் இருக்கும் கதை டீக்கடைப் பிரதி மட்டும்தான். நெபுலைசர் வைத்த ராத்திரி அந்தப் பிரதியில் கிடையாது. அவர் வேண்டுமென்றே உங்களை விட்டுவிட்டுச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ள அவசரப்பட வேண்டாம்.

சரி, சிரிப்பு எதற்கு? ஒரே காரணம் கிடையாது. உங்கள் கணவர் அந்த விசேஷத்தில் தாய்மாமன். மடியில் பிள்ளையை வைத்து உட்கார வேண்டிய ஆள். அவர் குடித்த நாட்களின் கூத்து அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். யாராவது ஒருவர் வாய் திறக்கும் முன் தானே சொல்லிவிட்டால், சிரிப்பு அவர் கட்டுப்பாட்டில் இருக்கும். வெட்கத்தை மறைக்க இதைவிடப் பழைய வழி இல்லை. அடுத்தது, குடியை விட்ட ஆண் நம் விசேஷ வீடுகளில் அனாதை. பந்திக்குப் பின்னால் வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு கூட்டம் கூடும். இவர் போக முடியாது. "என்ன மாப்ள, சாமியார் ஆயிட்டியா?" என்ற கேலி வேறு. கையில் கிளாஸ் பிடிக்க முடியாதவர் கதையைப் பிடித்துக்கொள்கிறார்: நான் இன்னும் உங்க ஆளுதான் என்று காட்ட.

இன்னொன்று நினைவின் இயல்பு. பொதுவாக, நடந்த ஒன்றைத் திரும்பத் திரும்ப நினைக்கும்போது, அதன் கசப்பு சீக்கிரம் மங்குகிறது. இனிப்பு மெதுவாகத்தான் மங்குகிறது. எல்லா மனிதர்களுக்கும் உள்ளதுதான் இது; குடும்பம் நடத்த உதவியும் செய்கிறது. குடிநோய் உள்ளவர்களிடம் அது ஆபத்தான பக்கம் சாய்கிறது. முதல் பெக், நண்பர்கள், சிரிப்பு எல்லாம் பளிச்சென்று நிற்கும். வாந்தி, பயம், அடகு வைத்த தோடு எல்லாம் பின்னால் போய்விடும். கதையை ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் சிரிப்பு வந்த இடம் இன்னும் கொஞ்சம் மெருகேறும், சிரிப்பு வராத இடம் உதிரும். பத்துத் தடவை சொன்ன பிறகு அவருக்கே அதுதான் நடந்தது.

"ரெண்டு குவாட்டர்" என்று அளவு சொன்னாரே, அதையும் கவனியுங்கள். குவாட்டர் என்பது 180 மில்லி. 42.8 சதவீதச் சரக்கில் அது ஏறக்குறைய 61 கிராம் சாராயம், அதாவது 10 கிராமுக்கு 1 யூனிட் என்ற கணக்கில் 6 யூனிட். இரண்டு என்றால் 12 யூனிட். கல்லீரல் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 யூனிட்டைத்தான் கரைக்கும். பழகிய உடம்பில் சற்று வேகமாகக் கரையும். மோர், எலுமிச்சை, குளியல் எதுவும் இந்தக் கணக்கை மாற்றாது. ராத்திரி 8 மணிக்கு ஆரம்பித்தவர் காலை 6 மணிக்குப் பாட்டியிடம் காபி கேட்டபோதும் முழுதாகத் தெளிந்திருக்க வாய்ப்பில்லை. பிறகு பைக்கை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போயிருப்பார். "ரெண்டு குவாட்டர் போட்டும் நின்னேன்" என்பதைப் பந்தல் வீரமாகக் கேட்கும். வைத்தியர் கேட்டால், உடம்பு சாராயத்துக்குப் பழகிவிட்டது என்பதற்கான அறிகுறியாகக் குறித்துக்கொள்வார்.

ஏஏ கூட்டத்தில் அழுகிறார், காதுகுத்தில் சிரிக்கிறார், எது உண்மையான ஆள் என்றுதான் உங்களுக்குள் குடைகிறது. இரண்டும் அவர்தான். மாறியது கேட்கிற ஆள். ஏஏ என்ற அமைப்பே ஒருவர் தன் குடிக்கதையை இன்னொருவரிடம் சொன்னதில் பிறந்தது. 1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்து ஓட்டல் ஒன்றில், குடியை விட்டுச் சில மாதங்களே ஆன பில் வில்சன் என்ற பங்குத் தொழில்காரர், தொழிலில் அடிபட்டு நின்றார். ஒரு பக்கம் பார் சத்தம். அங்கே போகாமல், தொலைபேசியில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளியைத் தேடினார். கிடைத்தவர் டாக்டர் பாப் என்ற அறுவை மருத்துவர். 15 நிமிடத்துக்கு மேல் உட்கார மாட்டேன் என்று வந்தவர் பல மணி நேரம் இருந்தார். பில் அவருக்குப் புத்திமதி சொல்லவில்லை. தன் கதையைச் சொன்னார், அதுவும் தான் குடிக்காமல் இருப்பதற்காகச் சொன்னார். அந்த ஜூன் 10, டாக்டர் பாப் கடைசியாகக் குடித்த நாள். ஏஏவின் பிறந்த நாளாக அதைத்தான் கொண்டாடுகிறார்கள்.

கூட்டத்தில் பகிர்வுக்கு ஒரு வாய்க்கால் வெட்டி வைத்திருக்கிறார்கள்: அன்று எப்படி இருந்தேன், என்ன நடந்தது, இன்று எப்படி இருக்கிறேன். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை, தீர்ப்புச் சொல்வதில்லை. கேட்பவர்கள் அத்தனை பேரும் அதே கிணற்றில் விழுந்து எழுந்தவர்கள். அங்கே வீரம் விலை போகாது. காதுகுத்துப் பந்தலில் முதல் பங்கோடு கதை அறுந்துவிடுகிறது, அதுவும் சிரிப்பு உச்சத்தில். (ஏஏவிலும் முதல் பங்கையே முக்கால் மணி நேரம் ஓட்டுகிறவர்கள் உண்டு. அதைக் குடிப்புராணம் என்று மூத்த உறுப்பினர்களே கிண்டல் செய்வார்கள். பத்து நிமிடப் பகிர்வில் பழைய கதைக்கு 3 நிமிடம் போதும்.) ஒரு எச்சரிக்கை: அவர் கூட்டத்தில் என்ன பேசினார் என்று கூடப் போகிறவரிடம் இனிக் கேட்காதீர்கள். அங்கே பேசியது அங்கேயே இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் அந்த அழுகை வருகிறது. வீட்டுச் சண்டையில் ஒரு வரி வெளியே வந்தால், அடுத்த ஞாயிறு அவர் வாய் மூடிக்கொள்ளும்.

குடிக்கத் தோன்றுகிறதா என்ற கேள்விக்கு, கதையைக் கேட்காதீர்கள், கதை சொல்லும் உடம்பைப் பாருங்கள். பாட்டி, தலையணை, காபி என்று மனிதர்களைச் சொல்லிக்கொண்டிருக்கும்வரை பெரிதாகப் பயமில்லை. எந்த பிராண்டு, எப்படி ஐஸ் போட்டது, தொட்டுக்க என்ன இருந்தது, முதல் மடக்கு இறங்கியபோது எப்படி இருந்தது என்று விவரம் சரக்கின் பக்கம் நகர்ந்தால், எச்சில் விழுங்கினால், விரல்கள் தம்ளர் பிடிக்கிற வடிவத்துக்குப் போனால், அங்கே ஆசை கிளம்பிவிட்டது. குடி ஆசை பெரும்பாலும் 15 முதல் 30 நிமிடத்தில் ஏறி இறங்கிவிடும். அந்த நேரத்தைத் தாண்ட வைப்பதுதான் காரியம்: சாப்பிட வைப்பது, வேலை கொடுத்து நகர்த்துவது, அவருடைய ஸ்பான்ஸருக்கு (ஏஏவில் அவருக்கு வழிகாட்டும் மூத்த உறுப்பினர்) போன் போடச் சொல்வது. கதைக்குப் பிறகு என்ன செய்கிறார் என்பது இன்னும் முக்கியம். பழைய கூட்டாளிகளுக்குப் போன், காரணமில்லாத எரிச்சல், "இந்த வாரம் மீட்டிங் வேண்டாம், வேலை இருக்கு", "பீர் ஒண்ணும் பண்ணாது" என்ற பேச்சு, இவை சேர்ந்து வந்தால் மையத்து ஆலோசகரைக் கூப்பிடத் தாமதிக்காதீர்கள். நீங்கள் எழுதியதில் இவை எதுவும் இல்லை.

தடுக்கலாமா? சபையில் வேண்டாம். "அன்னைக்கு ராத்திரி என்ன நடந்துச்சுன்னு நான் சொல்லவா?" என்று பந்தலில் கேட்டால் நியாயம் உங்கள் பக்கம்தான், ஆனால் அத்தனை பேர் முன்னால் தலைகுனிந்தவர் போய் நிற்கும் இடம் உங்களுக்கே தெரியும். கூடச் சிரிக்கவும் வேண்டாம். எழுந்து போய்விடுங்கள், அல்லது "சாப்பிட வாங்க" என்று கூப்பிடுங்கள்.

கதையின் மறுபாதியை அவருக்குக் கொடுக்க வேண்டும். அதற்கு நாள் பார்க்க வேண்டும். ஞாயிறு காலை, சாப்பிட்ட பிறகு, மகன் வெளியே போயிருக்கும்போது. ஞாயிறு ஏன் என்றால், கேட்டது நெஞ்சில் கனத்தால் அன்று மாலையே இறக்கி வைக்கக் கூட்டம் இருக்கிறது. சனி ராத்திரி சொல்லிவிட்டு அவரைத் தனியே விட்டால் குற்ற உணர்ச்சி கடைப் பக்கம் இழுக்கும். இப்படி ஆரம்பிக்கலாம்:

"அந்தப் பாட்டி வீட்டு ராத்திரியில ஒரு பாதி உங்களுக்குத் தெரியாது. திட்டறதுக்காக இல்லங்க. சொல்லணும்போல இருக்கு. பத்து நிமிஷம் நடுவுல பேசாம கேப்பீங்களா?"

பிறகு மணியும் இடமும் செய்ததும் மட்டும். 1 மணிக்கு அவனுக்கு மூச்சு வாங்கியது. ஆட்டோ கிடைக்க எவ்வளவு நேரம் ஆனது. யார் வீட்டில் பணம் வாங்கினீர்கள். மருத்துவமனையில் அவன் என்ன கேட்டான். 17 தடவை அடித்த போன். அவ்வளவுதான். "எப்பவுமே நீங்க இப்படித்தான்" என்ற ஒரு வாக்கியம் உள்ளே வந்தால் காரியம் கெட்டது. ஒரு ராத்திரி 15 வருடமாக விரியும், அவர் கேட்பதை நிறுத்திவிட்டுப் பதில் தயாரிக்க ஆரம்பிப்பார். மன்னிப்புக் கேட்கச் சொல்லாதீர்கள். கேட்டால் வாங்கிக்கொள்ளுங்கள், கேட்காவிட்டால் விடுங்கள். ஏஏவின் 12 படிகளில் 8வதும் 9வதும் தான் காயப்படுத்தியவர்களைப் பட்டியலிட்டு ஈடு செய்வதற்கானவை. அதை அவர் ஸ்பான்ஸரோடு தன் வேகத்தில் செய்யட்டும். குடித்த நாட்களில் கைநீட்டும் பழக்கம் அவருக்கு இருந்திருந்தால், இந்தப் பேச்சை வீட்டில் தனியாக வைத்துக்கொள்ளாதீர்கள். ஆலோசகர் அறையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் கேட்டுக்கொண்டார் என்றால் அடுத்த வாரம் ஒரு வேலை செய்யச் சொல்லலாம். கோடு போட்ட நோட்டில் ஒரு பக்கம் எடுத்து, மூன்று கட்டம். முதல் கட்டத்தில் மணி: அன்று மாலை 6 முதல் மறுநாள் மாலை 6 வரை, மணிக்கு ஒரு வரி, 24 வரி. இரண்டாவதில் எனக்கே நினைவிருப்பது. மூன்றாவதில் மற்றவர்கள் சொன்னது, யார் சொன்னது என்று பேரோடு. தெரியாத இடத்தைக் காலியாக விட வேண்டும், ஊகித்து நிரப்பக் கூடாது. உங்கள் கணவரின் பக்கம் எப்படி இருக்கும் என்று இப்போதே சொல்லலாம்: 8, 9 மணிக்கு எதிரே இரண்டாவது கட்டத்தில் நாலு வரி. 10, 11க்கு எதிரே மூன்றாவதில் டீக்கடைக்காரர்கள். 12 முதல் 5 வரை இரண்டு கட்டமும் வெள்ளை. அந்த 1 மணி வரியில் உங்கள் பெயர் ஏறும்போது, கதை தானாக நீளும். சிலர் இரண்டாவது வரியிலேயே நோட்டை மூடிவிடுவார்கள். வற்புறுத்த வேண்டாம், ஆலோசகரிடம் எடுத்துப் போனால் அவர் பார்த்துக்கொள்வார்.

மகன் விஷயம் எனக்கு உங்கள் கணவர் விஷயத்தைவிடப் பெரிதாகப் படுகிறது. குடிநோய் வருவதில் ஏறக்குறைய பாதிப் பங்கு பரம்பரை என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. மிச்சப் பாதியில் அவன் எந்த வயதில் முதல் மடக்கு குடிக்கிறான், அதை அவன் வீடு எப்படிப் பேசுகிறது என்பதெல்லாம் அடக்கம். அவன் இப்போது கற்றுக்கொள்வது, குடித்தால் ஊரே சிரிக்கும், பாட்டி தலையணை கொடுப்பார் என்பது. அதே சமயம் அவன் சிரிப்பைத் தப்பாக எடுக்காதீர்கள். அப்பாவின் குடியைப் பற்றி இத்தனை வருடத்தில் பயமில்லாமல் பேச முடிந்தது அந்தப் பந்தலில்தான் என்றால், பிள்ளை சிரிக்காமல் என்ன செய்வான்?

அவனிடம் நீங்கள் திருத்திச் சொன்னால் அப்பாவை மட்டம் தட்டுவதாகப் போகும். அப்பாவே சொல்ல வேண்டும், மேலே சொன்ன பேச்சு முடிந்த பிறகு, இருவரும் பைக்கில் எங்காவது போய் வரும்போது, சுருக்கமாக: "அன்னைக்கு நான் பாட்டி வீட்டுத் திண்ணையில கிடந்தப்ப நீ ஆஸ்பத்திரியில மூச்சு வாங்கிட்டு இருந்த. எனக்கு அது தெரியவே தெரியாதுடா. இனி அப்படி நடக்கக் கூடாதுன்னுதான் குடிக்காம இருக்கேன்." இரண்டு நிமிடம் போதும். அழுது, சத்தியம் செய்து, அவன் தோளில் பாரத்தை ஏற்றக் கூடாது. "அப்பா வாய் மோந்து பாரு" என்ற வேவு வேலையையும் அவனுக்குக் கொடுக்காதீர்கள்.

கதை என்றதும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், உங்கள் வீட்டுக்கு இது பொருந்தாவிட்டாலும் படிக்கிற யாருக்காவது ஆகும். நீண்ட நாள் குடித்தவர் நடக்காததை நடந்ததாகச் சொல்கிறார், காலையில் ஒன்று, மாலையில் வேறொன்று, கூடவே நடை தள்ளாடுகிறது, கண் ஒரு மாதிரி ஓடுகிறது என்றால் அவர் கதை விடவில்லை. வைட்டமின் பி1 பற்றாக்குறையால் மூளை பாதிக்கப்பட்டிருக்கலாம். நினைவின் ஓட்டையை மூளை தானாகவே இட்டுக்கட்டி நிரப்புகிறது. அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோய், குடிப்பவர் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். சீக்கிரம் ஊசி போட்டால் மீட்க வாய்ப்பு உண்டு. தாமதித்தால் அந்த நினைவு திரும்பாமலே போகலாம். அதேபோல, ஒருவேளை உங்கள் கணவர் சறுக்கி, தினமும் அதிகமாகக் குடிக்கும் நிலைக்குத் திரும்பினால், வீட்டில் பூட்டி வைத்து ஒரேயடியாக நிறுத்த வைக்காதீர்கள். நிறுத்திய 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் பிதற்றலும் ஜன்னியும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். யாரோ சொன்னார்கள் என்று குடியை நிறுத்த வைக்கும் மாத்திரையைச் சாப்பாட்டில் அவருக்குத் தெரியாமல் கலப்பதும் கூடாது. அதன்மேல் குடித்துவிட்டால் இரத்த அழுத்தம் விழுந்து ஆபத்தாகும். எந்த நேரத்திலும் 14416 எண்ணில் டெலிமானஸ் (அரசின் மனநலத் தொலைபேசி உதவி) ஆலோசகர்கள் தமிழில் பேசுவார்கள்.

உங்களுக்கும் சொல்ல ஓர் இடம் வேண்டும். குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கென்றே அல்-அனான் கூட்டங்கள் நடக்கின்றன. 1951ல் அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் பில் வில்சனின் மனைவி லோயிஸ். கணவர் ஏஏவில் இருந்தால்தான் வரலாம் என்றில்லை, அவர் அனுமதியும் தேவையில்லை. உங்கள் ஊரில் எங்கே நடக்கிறது என்று அவர் ஸ்பான்ஸரிடமே கேட்டால் தெரிந்துவிடும்.

இனி வைகாசிக் கல்யாணம். முந்தைய வாரமே அவரோடு உட்கார்ந்து திட்டம் போடுங்கள். மாப்பிள்ளையின் அண்ணன் என்பதால் தாமதமாகப் போய்ச் சீக்கிரம் வந்துவிட முடியாது. எனவே அவருக்குக் கையில் வேலை இருக்க வேண்டும். பந்தி மேற்பார்வை நல்லது, நின்றுகொண்டே இருக்கலாம், சாப்பாடும் பக்கத்தில். பசி, கோபம், தனிமை, களைப்பு நான்கும்தான் பெரிய எதிரிகள். முகூர்த்தத்துக்கு முந்தைய ராத்திரி நான்கும் ஒன்றாக வரும். அன்று 7 மணிக்கே அவரைச் சாப்பிட வைத்துவிடுங்கள். கையில் எப்போதும் பன்னீர் சோடாவோ மோரோ நிரம்பிய தம்ளர் இருக்கட்டும், காலியான கையில்தான் யாராவது எதையாவது திணிப்பார்கள். "மாப்ள, அந்தப் பாட்டி கதையைச் சொல்லுடா" என்று நிச்சயம் கேட்பார்கள். அதற்கு ஒரு பதில் இப்போதே வாயில் பழகியிருக்க வேண்டும், நீளமாக இல்லாமல், விளக்கம் இல்லாமல்: "அது பழைய கதை மச்சான், பந்தியில ஆள் நிக்குது, வரேன்." அவர் காதைத் தடவினால் நீங்கள் வந்து கூப்பிட வேண்டும் என்பதுபோல ஒரு சைகை பேசி வைத்துக்கொள்ளுங்கள். தங்குவது மண்டபத்தில் ஆண்கள் கூடும் அறையில் வேண்டாம், குடும்பத்தோடு. வண்டிச் சாவி உங்கள் பையில் இருக்கட்டும்.